சவலைப் பிள்ளை தேற என்ன வழி? குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாடும் நாட்டு மருத்துவமும் - முழு விளக்கம்

'பிள்ளை தேறவே மாட்டேங்குது' என்று கிராமத்தில் ஒரு தாய் சொன்னால் போதும், அக்கம்பக்கத்திலிருந்து யோசனைகள் வந்து குவியும். உரை மருந்து கொடு, தொக்கம் எடு, மந்திரித்துக் கயிறு கட்டு, சத்து டானிக் வாங்கு. இதில் சில யோசனைகள் உதவும். சில உதவாது. சில குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சித்தம், ஆயுர்வேதம் உள்ளிட்ட ஆயுஷ் மருத்துவ முறைகளை ஊட்டச்சத்துத் திட்டங்களோடு மத்திய அரசு இணைத்து வருகிறது. அப்படியானால் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் பாரம்பரிய மருத்துவத்தின் பங்கு என்ன? எது வரை அதை நம்பலாம்? எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

2019-21ல் நடந்த 5வது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிலை இதுதான்:

- வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்: இந்தியாவில் 35.5%, தமிழ்நாட்டில் 25%
- உயரத்துக்கேற்ற எடை இல்லாமல் மெலிந்தவர்கள்: இந்தியாவில் 19.3%, தமிழ்நாட்டில் 14.6%
- வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள்: இந்தியாவில் 32.1%, தமிழ்நாட்டில் 22%
- ரத்தசோகை உள்ளவர்கள் (6 மாதம் முதல் 5 வயது வரை): இந்தியாவில் 67.1%, தமிழ்நாட்டில் 57.4%

நாட்டின் சராசரியை விடத் தமிழ்நாடு பரவாயில்லை. ஆனாலும் இங்கே நான்கில் ஒரு குழந்தை வளர வேண்டிய உயரத்துக்கு வளரவில்லை. கிராமம், நகரம் என்ற வித்தியாசமும் உண்டு. உயரக் குறைவு இந்திய நகரங்களில் 30.1%, கிராமங்களில் 37.3%.

இன்னொரு கணக்கு கவனிக்க வேண்டியது. 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது சுமார் 11% பேருக்குத்தான். மீதிப் பேருக்குச் சாப்பிடும் தடவை குறைகிறது, அல்லது உணவில் வகை குறைகிறது. பல குழந்தைகளுக்கு இரண்டுமே குறைகிறது.

உயரக் குறைவு, மெலிவு: என்ன வித்தியாசம்?

இரண்டும் ஊட்டச்சத்துக் குறைபாடுதான். ஆனால் ஒன்றல்ல.

உயரக் குறைவு என்பது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நடக்கும் பாதிப்பு. தாய்க்கே சத்து இல்லாதது, அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு, தொடர்ந்து கிடைக்கும் அரைகுறை உணவு எல்லாம் சேர்ந்து குழந்தையைக் குறுக்கிவிடும். 2 வயதுக்குப் பிறகு இதைச் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம்.

மெலிவு என்பது சில வாரங்களிலேயே வரக்கூடியது. காய்ச்சல், பேதி, உணவுத் தட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று வந்து எடை சரசரவென இறங்கும். இதன் முற்றிய நிலைதான் 'கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு'. இந்தக் குழந்தைகளுக்குச் சாதாரண சளியும் பேதியுமே உயிருக்கு உலை வைத்துவிடும்.

எந்த வகைக் குறைபாடு என்று தெரியாமல் எந்த மருந்தையும் தொடங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

'சவலை' என்ற சொல்லில் இருக்கும் மருத்துவம்

தாய் அடுத்த குழந்தையை உண்டானதும் முதல் குழந்தைக்குப் பால் நின்றுபோகும். அதனால் மெலிந்து, நோஞ்சானாகி, சிணுங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைத் தமிழில் 'சவலை' என்பார்கள்.

1930களில் இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், கை கால் வீங்கி, சோர்ந்துபோன குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்த நோய்க்கு உள்ளூர் மக்கள் சொன்ன பெயரையே அவர் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். அதுதான் 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

ஆப்பிரிக்கத் தாய்மார்களும் தமிழ்த் தாய்மார்களும் கண்டுபிடித்தது ஒரே விஷயத்தைத்தான். தாய்ப்பால் நின்று, அந்த இடத்தை நிரப்பும் அளவுக்குச் சத்தான உணவு கிடைக்காதபோது பிள்ளை விழுந்துவிடுகிறது. அதாவது பிரச்சனையின் மையம் உணவு. பாரம்பரிய அறிவின் இந்தப் பகுதி இன்றைய மருத்துவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

6 மாதம் முதல் 2 வயது வரை ஏன் முக்கியம்?

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை. 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு இணை உணவிலிருந்து தினமும் கிடைக்க வேண்டிய ஆற்றல்:

- 6-8 மாதம்: சுமார் 200 கலோரி
- 9-11 மாதம்: சுமார் 300 கலோரி
- 12-23 மாதம்: சுமார் 550 கலோரி

ஒன்றரை வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. அதில் தண்ணியாகக் கரைத்த கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், சத்து நிறையாது. 'நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா உடம்பு பிடிக்கலை' என்று பல வீடுகளில் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கரண்டியில் எடுத்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் பதம்தான் சரியான பதம்.

சித்த மருத்துவம் எங்கே உதவுகிறது?

சித்த மருத்துவத்தில் குழந்தை மருத்துவம் தனிப் பிரிவு. சென்னை தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் அது தனிப் பட்டமேற்படிப்பாகவே இருக்கிறது. மாந்தம், கணம், தோஷம் என்று குழந்தை நோய்களை வகைப்படுத்துவதும், மெலிந்த உடலுக்கு 'உடல் தேற்றி' மருந்துகள் தருவதும் அதன் வழக்கம்.

இதில் இன்றைய அறிவியலோடு எளிதாகப் பொருந்துவது உணவு சார்ந்த பகுதி.

முளைகட்டிய கேழ்வரகு: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஊறவைத்து முளைகட்டினால் பைட்டேட் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. முளைகட்டிய மாவில் காய்ச்சிய கஞ்சி சீக்கிரம் இறுகாது. அதனால் அதே அளவு கஞ்சியில் கூடுதல் மாவைச் சேர்க்கலாம்.

முருங்கைக்கீரை: புரதம், கால்சியம், இரும்பு, வைட்டமின் ஏ-க்கான மூலப்பொருள் எல்லாம் உள்ள, காசு செலவில்லாத கீரை. பருப்போடு சேர்த்து மசித்து, கொஞ்சம் நெய் விட்டுக் கொடுக்கலாம். ஆனால் குழந்தை சாப்பிடுவது இரண்டு மூன்று ஸ்பூன்தான் என்பதை மறக்கக் கூடாது. முருங்கைப் பொடி மட்டுமே கடும் மெலிவைக் குணப்படுத்தும் என்று சொல்ல வலுவான ஆதாரம் இல்லை.

நெல்லிக்காய், எலுமிச்சை: இவற்றின் வைட்டமின் சி, கீரை, தானியங்களில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள உதவும். கீரை சாதத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சை பிழிவது நல்ல பழக்கம்.

நெய், நல்லெண்ணெய், வேர்க்கடலை, எள்: குறைந்த அளவில் அதிக ஆற்றல் தருபவை. தண்ணிக் கஞ்சியைச் சத்தான உணவாக மாற்ற ஒரு ஸ்பூன் எண்ணெயோ, பொடித்த வேர்க்கடலையோ போதும். முழுக் கடலையைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

ஆய்வில் தெரிந்தது என்ன?

பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் ஆயுஷ் அமைச்சகமும் 2020 செப்டம்பர் 20ஆம் தேதி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தன. 2018ல் தொடங்கிய போஷான் அபியான் திட்டத்தில், அங்கன்வாடிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம், பாரம்பரிய உணவு ஆலோசனை, யோகா ஆகியவற்றைச் சேர்ப்பதே நோக்கம்.

சித்த மருந்துகள் பற்றி 2025 பிப்ரவரியில் ஓர் ஆய்வு முடிவு வெளியானது. ரத்தசோகைக்காக 2,648 வளரிளம் பெண்களைச் சேர்த்து நடந்த திட்டத்தில் 2,300 பேர் 45 நாள் சிகிச்சையை முடித்தனர். முதலில் குடற்புழு நீக்கத்துக்குக் கடுக்காய்ச் சூரணம் தரப்பட்டது. பிறகு அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் ஆகிய நான்கும் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டன. ரத்தசோகை இருந்தவர்களின் ஹீமோகுளோபின் கூடியதாக ஆய்வு சொல்கிறது.

இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இது வளரிளம் பெண்களின் ரத்தசோகைக்கான சிகிச்சை. மெலிந்த குழந்தைக்கான சிகிச்சை அல்ல. அதே மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று இதிலிருந்து முடிவெடுக்க முடியாது.

ஆனால் மறைமுகத் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தசோகையுள்ள பெண் கர்ப்பமானால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் அபாயம் அதிகம். குழந்தையின் ஊட்டச்சத்து அம்மாவின் ரத்தத்திலிருந்தே தொடங்குகிறது.

எங்கே ஆபத்து?

பாரம்பரியம் என்ற பெயரில் நடப்பதெல்லாம் சித்த மருத்துவமும் அல்ல, எல்லாமே பாதுகாப்பானதும் அல்ல.

சேனை வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சி விடுவது: பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் 'பாட்டுலிசம்' என்ற கொடிய நச்சு பாதிப்பு வரலாம். சீம்பால் கெட்ட பால் அல்ல. அதுதான் குழந்தையின் முதல் நோய்த்தடுப்பு.

6 மாதத்துக்கு முன் உரை மருந்து: சுக்கு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு போன்றவற்றைக் கல்லில் உரைத்துக் கொடுப்பது பல வீடுகளில் வாரா வாரம் நடக்கிறது. கழுவாத கல், கொதிக்காத தண்ணீர் வழியாகக் கிருமி உள்ளே போய்ப் பேதி வந்தால், தேற வேண்டிய பிள்ளை மேலும் மெலியும். 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் வாங்கிய வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968லேயே தடை விதித்தது. அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் பற்றிய அச்சமே காரணம்.

தொக்கம் எடுப்பது, சூடு வைப்பது: குழலை வைத்து ஊதியோ உறிஞ்சியோ வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்வது குழந்தையின் மூச்சுக்கே ஆபத்து. மாந்தத்துக்கு வயிற்றில் சூடு வைப்பது புண்ணையும் கிருமித் தொற்றையும்தான் தரும். இவற்றுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை.

லேபிள் இல்லாத பொடிகள்: உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் வகைகளைத் தவறாகத் தயாரித்தாலோ அளவு கூடினாலோ குழந்தைக்கு நஞ்சாகும். உரிம எண், தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி இல்லாத எதையும் வாங்கக் கூடாது. பதிவுபெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எதையும் கொடுக்கவும் கூடாது.

ஊர் சேர்ந்தால் என்ன மாறும்?

மருந்து, உணவு இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் குழந்தை சரிந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அது. தினமும் பார்க்கும் கண்ணுக்குக் குழந்தை மெலிவது தெரியாது. எடை மெஷினுக்குத் தெரியும்.

இதைத் தமிழ்நாடு 1980லேயே செய்து பார்த்தது. உலக வங்கி உதவியுடன் நடந்த 'தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில்' 6 முதல் 36 மாதக் குழந்தைகளுக்கு மாதா மாதம் எடை பார்க்கப்பட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தேறியதும் நிறுத்தம். உணவு தயாரிப்பதிலும் தாய்மார்களிடம் பேசுவதிலும் உள்ளூர்ப் பெண்கள் குழுவே ஈடுபட்டது. கடுமையான குறைபாடு கணிசமாகக் குறைந்ததை மதிப்பீடுகள் காட்டின. ஆனால் மிதமான குறைபாட்டில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை.

1990களின் தொடக்கத்தில் வியட்நாமின் தான் ஹோவா மாகாணத்தில் வேறொரு முறை வெற்றி பெற்றது. அங்கே பணியாற்றிய ஜெர்ரி ஸ்டெர்னின் குழு, 'ரொம்ப ஏழை வீடு, ஆனால் பிள்ளை நல்லா இருக்கு' என்ற வீடுகளைத் தேடியது. அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் குட்டி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கீரை எல்லாவற்றையும் குழந்தையின் சோற்றில் சேர்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊட்டினார்கள். கை கழுவினார்கள். பக்கத்து வீட்டுக்காரியே சொல்லிக் கொடுத்ததால் மற்றவர்களும் செய்தார்கள். வெளியிலிருந்து எந்த மருந்தும் வரவில்லை.

தமிழ்நாட்டிலேயே தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இன்னோர் உதாரணம். டாக்டர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993ல் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். குழந்தை இறப்பு வெகுவாகக் குறைந்தது. பின்னர் இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாகி, சிறுதானிய சாகுபடியும் அதை மதிப்புக்கூட்டி விற்பதும் பெருகின. மருத்துவமனையில் தொடங்கிய வேலை கடைசியில் வயலுக்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது அரசு தருவது என்ன?

தமிழ்நாட்டில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்குச் சத்துமாவு தரப்படுகிறது. மையத்துக்கு வரும் குழந்தைகளுக்கு மதிய உணவும் முட்டையும் உண்டு. 2022 மே மாதம் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து, கடும் குறைபாடு உள்ளவர்களைக் கண்டறிந்து சிகிச்சை தரப்படுகிறது. 6 மாதத்துக்குட்பட்ட குழந்தை மெலிந்திருந்தால், தாய்க்கே ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுக்கப்படுகிறது.

இதோடு, 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இரு முறை இரும்புச்சத்து சிரப், ஒரு வயதிலிருந்து குடற்புழு நீக்க மருந்து ஆகியவையும் இலவசம்.

சத்துமாவு வீட்டுக்கு வந்தாலும் அது யார் தட்டுக்குப் போகிறது என்பது கேள்விதான். மொத்தக் குடும்பமும் பங்கு போட்டால் குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு ஸ்பூன். அம்மா விடியற்காலையே களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விட்டால், பகலில் ஊட்டுவது பாட்டியோ அக்காவோதான். அதனால் ஆலோசனை தாயிடம் மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது. உரை மருந்து பற்றி முடிவெடுக்கும் பாட்டியிடமும் பேச வேண்டும். அந்தப் பேச்சில் சித்த மருத்துவரின் சொல்லுக்கு இருக்கும் மரியாதை பெரிய உதவி. 'ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும்' என்று அவரே சொன்னால் கேட்பவர்கள் உண்டு.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் இடது மேல் கையின் நடுப்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள்.

- 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் (பச்சை): இயல்பு நிலை
- 11.5 முதல் 12.5 செ.மீ.க்குள் (மஞ்சள்): மிதமான குறைபாடு
- 11.5 செ.மீ.க்குக் கீழ் (சிவப்பு): கடும் குறைபாடு

சிவப்பு வந்தாலோ, இரண்டு பாதங்களும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தாலோ வீட்டு வைத்தியத்துக்கு இடமில்லை. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். பசி எடுக்காமை, மூழ்கிய கண், சோர்வு, காய்ச்சல், நிற்காத வாந்தி பேதி இருந்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? கடும் மெலிவில் குழந்தையின் ரத்தச் சர்க்கரையும் உடல் சூடும் திடீரெனக் குறையும். காய்ச்சல் வராமலே கிருமித் தொற்று இருக்கும். அந்த உடம்பு திடீரென வரும் அதிக உணவைத் தாங்காது. அதனால்தான் மருத்துவமனையில் முதலில் புரதம் குறைந்த சிறப்புப் பால் கலவையைச் சிறிது சிறிதாகத் தருகிறார்கள். இரும்புச்சத்து மருந்தைக்கூட முதல் கட்டத்தில் தருவதில்லை. இந்த நேரத்தில் லேகியமோ செந்தூரமோ டானிக்கோ கொடுத்து 'தேற்ற' நினைத்தால் விபரீதமாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து எடை ஏறாவிட்டால் காத்திருக்க வேண்டாம்.
- 2 வயது வரை, முடிந்தால் அதற்கு மேலும், தாய்ப்பாலைத் தொடருங்கள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடுவதும் சவலையைத் தடுக்கும் வழிதான்.
- 9 மாதத்துக்கு மேல் தினமும் 3-4 வேளை உணவு, இடையில் ஓரிரு முறை தின்பண்டமாகப் பழம், சுண்டல் மசியல் போன்றவை.
- குழந்தைக்குத் தனித் தட்டு வையுங்கள். எவ்வளவு சாப்பிட்டது என்று அப்போதுதான் தெரியும்.
- தானியம், பருப்பு, கீரை, மஞ்சள் நிறக் காய்கனி, முட்டை, பால் என்று வகைகளை மாற்றிக் கொடுங்கள். மீன், நண்டு, கறி சாப்பிடும் வீடு என்றால் முள், எலும்பு நீக்கி மசித்துக் கொடுக்கலாம்.
- பேதி வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுங்கள். உணவை நிறுத்த வேண்டாம். தேறிய பிறகு இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.
- சித்த மருந்து கொடுப்பதாக இருந்தால், அதை அங்கன்வாடிப் பணியாளரிடமும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம்.

குழந்தைக்கு எடை, கைச்சுற்றளவு பார்க்கவும், கடும் குறைபாடு இருந்தால் சிகிச்சைக்குப் பரிந்துரை பெறவும் பக்கத்து அங்கன்வாடி மையத்தையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுகலாம். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.